மலை உச்சியில் ஒரு கிணறு

தேனியிலிருந்து இங்கே வேலைக்கு வந்த என் நண்பன் முருகேசனுக்குப் பங்குனி பிறந்தாலே மலை ஏக்கம் வந்துவிடும். நெய்வேலியில் மலைக்கு எங்கே போவது? சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுதான் எங்களுக்கு மலை.

இன்று காலை கியர் சைக்கிளில் கிளம்பினோம். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் முருகேசன் வழி கேட்டான்.

“எந்த மலைக்குங்க? பழைய மலையா, புது மலையா? புதுசு இன்னும் வளந்துகினு இருக்குது.”

பழையதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினோம். அவரும் ஆடுகளோடு பின்னால் வந்தார். உச்சியில் வேம்பு பூத்திருந்தது. முருகேசன் கைகளை விரித்து செல்ஃபிக்கு நின்றான்.

“நீங்க நிக்கிறது எங்க கெணறுங்க,” என்றார் அவர்.

முருகேசன் துள்ளி நகர்ந்தான்.

“வுழ மாட்டீங்க. அது கெணத்தோட அடிமண்ணு. எங்க நெலத்த சுரங்கத்துக்கு எடுத்துத் தோண்டுனாங்க. மேல இருந்த மண்ணு மொதல்ல வந்து அடியில போயிடுச்சு. அடியில இருந்தது கடைசியா வந்து மேல குந்திகிச்சு. அன்னிக்கு மண்ணு வர்ற பெல்ட்டுல நாந்தான் ஷிப்டு, கான்ட்ராக்ட்ல.”

“தண்ணி நல்லா இருக்குமாண்ணே?” என்று கேட்டுவைத்தான் முருகேசன்.

“எளநி மாதிரி இருக்கும்,” என்றவர், ஆடுகளை மடக்கப் போனார்.

இறங்கியதும் முருகேசன் படத்தைப் போட்டுவிட்டான், ‘மலை உச்சியில்’ என்று. நான்தான் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஊரில் கிணற்றின் அடிக்கு இறங்கிப் போவீர்களா, ஏறிப் போவீர்களா?