சயோமி வெட்டாமல் விட்ட வரப்பு

நுமாகுரா சயோமி எங்கள் தகிநோசாவா கிராமத்துக்கு மருமகளாக வந்தது 1981 ஏப்ரல் 19, ஞாயிறு. தூறல் இருந்தது. அவள் கடலோர மீனவர் ஊரில் பிறந்து வளர்ந்தவள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லும் மூக்கு அவளுக்கு. நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வந்த முதல் இலையுதிர் காலத்தில், காயப்போட்ட துணியோடு வீட்டுக்குள் வந்த நாவாய்ப்பூச்சி ஒன்றைத் தெரியாமல் நசுக்கிவிட்டாள். அவள் போட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. முதுகு ஆமையோடு மாதிரி இருப்பதால் புத்தகத்தில் அதற்கு ஆமைப்பூச்சி என்று பேர். எங்கள் ஊரில் குசுப்பூச்சி. கொத்தமல்லித் தழையைக் கசக்கி அதில் மண்ணெண்ணெய் விட்டால் வரும் நாற்றம் அதனுடையது.

அவள் மாமனார் தோகுஜி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். வேலி ஓரம் வந்து என்னிடம் சொன்னான்: "கெய்ஸோ, பாத்தியா? மீன் குடலுக்கு நடுவுல வளந்த பொண்ணு, ஒரு குசுப்பூச்சிக்கு இந்த ஓட்டம் ஓடுது."

பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பெண்தான் எங்கள் இருபத்து மூன்று வீட்டுக்கும் நாவாய்ப்பூச்சியைப் பற்றிப் பாடம் எடுத்தாள்.

1999 வசந்தத்தில் தோகுஜிக்கு முழங்கால் மடங்கவில்லை. அவன் மகன், சயோமியின் புருஷன், லாரி ஓட்டுபவன், வயல் பக்கம் எட்டிப் பார்க்காதவன். வயலைப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுவதாகத் தோகுஜி முடிவு செய்தபோது, சயோமி எதிரில் உட்கார்ந்து, "ஒரு வருஷம் எங்கிட்ட குடுங்க மாமா" என்றாள். தோகுஜி யோசித்து ஒரு நிபந்தனை போட்டான். அரிசி முதல் தரம் வந்தால் வயல் அவளுக்கு. இரண்டாம் தரம் வந்தால் குத்தகைக்காரனுக்கு. அவள் முன்பு வேலை பார்த்த தையல் ஆலைக்கே திரும்பிப் போகலாம். அதுவரை தண்ணீரைத் திறந்து அடைக்கும் மடைப்பலகை தன்னிடமே இருக்கும் என்றும் சொன்னான். தினமும் காலையில் அவள் அதைக் கேட்டு வாங்கி, தண்ணீர் கட்டிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தரம் என்பது எங்களுக்கு ஒரே கணக்கு. பால் பிடிக்கும் நெல்மணியில் நாவாய்ப்பூச்சி ஊசி மாதிரி வாயைக் குத்தி உறிஞ்சினால், அரிசியில் அந்த இடத்தில் கறுப்புக் கறை விழும். ஆயிரம் மணியில் ஒன்று கறைபட்டிருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டாம் தரம்.

பூச்சி எண்ணுவது என் வேலை. பூச்சி முன்னறிவிப்பு அலுவலகத்துக்காக 1961 முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை கைவலையை இருபது தடவை வீசி, விழுந்ததை எண்ணி எழுதி வருகிறேன். வரப்புப் புல்லுக்கு ஒரு நோட்டு, வயலுக்கு ஒரு நோட்டு. ஜூன் மாதம் சயோமி இரண்டையும் இரவல் கேட்டாள். ஒரு வாரம் கழித்து வந்தாள்.

"பெரியப்பா, இது ஏன் ரெண்டு நோட்டுல இருக்கு?"

"வரப்பு வேற, வயல் வேற."

"அது பூச்சிக்குத் தெரியுமா?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும், செத்த முன்னோரை வரவேற்கும் போன் பண்டிகைக்கு முன்னால், வரப்பு எண்ணிக்கை நாற்பது, ஐம்பது என்றிருந்து பூஜ்யத்துக்கு விழுகிறது. அதே வாரம் வயல் எண்ணிக்கை இரண்டிலிருந்து நாற்பதுக்கு ஏறுகிறது. முப்பத்தெட்டு வருஷமும் அப்படியே. எழுதியது நான். ஒருநாளும் பார்த்ததில்லை.

காரணம் நாங்கள்தான். போனுக்கு முன்னோர்கள் வீட்டுக்கு வருவார்கள், நகரத்திலிருந்து சொந்தக்காரர்களும் வருவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் வரப்பெல்லாம் மொட்டை அடித்தாற்போல வெட்டிவிடுவது ஊர் வழக்கம். வெட்டாத வீடு சோம்பேறி வீடு. ஆனால் அந்த வாரம்தான் நெல்லில் பால் பிடிக்கும். வரப்பில் காட்டுத்தினைப் புல்லின் விதையைத் தின்றுகொண்டு சும்மா இருந்த பூச்சியை நாங்களே வீடு இடித்து வயலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம். விவசாய அலுவலகத்தாரும் துண்டுக் காகிதத்தில் இதை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் நாங்கள் முள்ளங்கி சுற்றி வைப்போம்.

சயோமி ஜூலை 20 அன்று வெட்டினாள், பிறகு தொடவில்லை. ஆகஸ்ட் 11 அன்று ஊர் முழுக்க வரப்பு வழவழவென்றிருக்க, அவளுடையது மட்டும் முழங்கால் உயரம். நானும் என் வரப்பை வெட்டிவிட்டேன். பழக்கம்.

தோகுஜிக்குத் தாங்கவில்லை. அவன் மனைவியின் கல்லறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி அந்த வரப்புதான்.

"உன் மாமியார் நாளன்னிக்கு வர்றா. இந்தக் காட்டைப் பாத்தா நம்ம வீடு இல்லைன்னு நெனச்சு அடுத்த ஊருக்குப் போயிடுவா."

"அத்தை போகமாட்டாங்க மாமா. நீங்க போடுற குறட்டை கல்லறை வரைக்கும் கேக்கும்."

ஆகஸ்ட் 12, வியாழன். பண்டிகைக்கு மீன் வாங்க சயோமி விடிவதற்கு முன்பே வண்டியெடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்குப் புல்வெட்டும் எந்திரங்களின் சத்தம் கேட்டு எழுந்தேன். மாதர் சங்கத் தலைவி மசுயோவும் எட்டுப் பெண்களும் அவள் வரப்பில் இருந்தார்கள். ஜூன் மாதம் மசுயோவின் மணிக்கட்டு உடைந்தபோது அவளுக்காக நாற்று நட்டவள் சயோமி. அதற்குக் கைம்மாறு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கடைசி வரப்பும் முடிந்திருந்தது.

எட்டு மணிக்கு சயோமி கணவாய் மீன் பெட்டியோடு வந்து இறங்கினாள். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது போலிருக்கிறது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் மசுயோ, முகமெல்லாம் பல்லாக. "தனியா எவ்வளவு தான் செய்வே? நாங்க இருக்கோம்ல!"

சயோமி குனிந்து மூன்று தடவை நன்றி சொன்னாள். ஒன்பது பேருக்கும் கணவாய் கொடுத்தனுப்பினாள். அவர்கள் போனபிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"நான் வெட்டலம்மா" என்றான் தோகுஜி. "வந்தவங்களுக்கு டீ குடுத்தேன். அவ்வளவுதான்."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். நான் வலையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினேன். முந்தின நாள் இருபது வீச்சுக்கு மூன்று. இப்போது நாற்பத்தொன்று. தேனீப் பெட்டி வைத்திருக்கும் வீடு நாலு எங்கள் ஊரில் இருந்தது. மருந்து அடிப்பதில்லை என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம்.

"எவ்வளவு பெரியப்பா?"

சொன்னேன்.

"சரி. தையல் ஆலையில என் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம்" என்றாள்.

இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு மசுயோவின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவாயை நறுக்கிக்கொண்டிருந்தாள். எண்களைக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நாங்க ஒன்பது பேரும் சேந்து அவ வயலைக் கெடுத்துட்டு, கணவாயும் வாங்கிட்டு வந்திருக்கோம்?"

"ஆமா."

"நீங்க இதை எனக்கு நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அன்று சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போய் எல்லோரையும் வலையோடு வரச் சொன்னாள்.

மறுநாள் 13, வெள்ளி. விடியற்காலையில் கல்லறைக்குப் போய்த் திரும்பியவர்கள், முன்னோருக்கு வழிகாட்டும் விளக்கை வீட்டில் வைத்த கையோடு நேராக சயோமியின் வயலுக்கு வந்தார்கள். குழந்தைகளின் தும்பி பிடிக்கும் வலை, சலவைப் பை, மூங்கில் கழியில் கட்டிய வெங்காயப் பை என்று கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. நாங்கள் இருபத்தேழு பேர், நெல் வரிசைக்கு ஒருவராக, கதிர் நுனியை வலை உரசும்படி வீசிக்கொண்டே நடந்தோம். வரிசைக் கோடியில் சோப்புத் தண்ணீர் வாளியோடு நான் நின்றேன்.

செண்டாய் நகரத்திலிருந்து வந்திருந்த மசுயோவின் தம்பி வெள்ளைச் சட்டையோடு இறங்கினான். "அக்கா, இது கடிக்குமா?"

"கடிக்காது. ஆனா இனிமே உனக்குப் பொண்ணு கெடைக்காது."

பத்து நிமிஷத்தில் அந்த நாற்றம் எல்லோர்மீதும் ஏறிவிட்டது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருத்தி வலையை வீசும்போது சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போனவளும் உட்கார்ந்தாள். சயோமி வரப்பில் நின்று, "மெதுவா! கதிரை உலுக்காதீங்க! ஐயோ, அந்தச் சட்டையைக் கழட்டுங்க தம்பி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். நேற்று உட்கார்ந்திருந்த அதே இடம்.

காலை ஏழரை மணிக்குத் தோகுஜி வந்தான். முழங்கால் மடங்காமல், ஒரு காலை இழுத்துக்கொண்டு. கையில் மனைவியின் பழைய பச்சைக் கொசுவலையைக் கம்பி வளையத்தில் தைத்துக் கட்டிய ஒரு வலை. தையல் கோணல்மாணல்.

"எதுக்கு மாமா நீங்க?" என்றாள் சயோமி. "பூச்சி வயல்லயே இருந்தா நீங்கதானே ஜெயிப்பீங்க?"

"ஜெயிக்கிறது வேற. டீ குடுத்தது என் தப்பு" என்றான். வரப்பிலேயே நின்று, எட்டும் வரைக்கும் வீசினான்.

மூன்று நாள், காலையில் இரண்டு மணி நேரம். முதல் நாள் 3,112. இரண்டாம் நாள் 1,947. மூன்றாம் நாள் 604. மொத்தம் 5,663. எண்ணிய ஒவ்வொன்றும் செத்தது. அந்த வருஷம் போன் ஆட்டத்தில் வட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட யாருக்கும் மூக்கு இடம் கொடுக்கவில்லை. மசுயோ சொன்னாள்: "முன்னோரெல்லாம் வழக்கம்போல பதினாறாம் தேதி வரைக்கும் இருக்கல. பதினாலாம் தேதியே கிளம்பிட்டாங்க."

அறுவடை முடிந்து உமி நீக்கியபின், நான் என் வீட்டில் ஆயிரம் ஆயிரமாக ஐந்து தடவை எண்ணினேன். கறை மணி: ஒன்று, இரண்டு, பூஜ்யம், ஒன்று, இரண்டு.

"நல்லதா சொல்லுங்க பெரியப்பா" என்றாள் சயோமி.

"சராசரி ஒன்று புள்ளி இரண்டு."

"அந்தப் புள்ளி இரண்டு யார் தட்டுல விழப்போகுதோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு அவள் வீட்டில் சாப்பாடு கரிந்துவிட்டதாகத் தோகுஜி சொன்னான்.

அக்டோபர் 5, செவ்வாய். அரிசிக் கிடங்கில் தர ஆய்வாளர் மூட்டையில் குத்தூசியைச் செருகி அரிசியை எடுத்து, கறுப்புத் தட்டில் பரப்பினார். அவர் எண்ணுகிற அத்தனை நேரமும் சயோமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு ஓரத்தில் இடுக்கியால் ஒரு மணியைத் தள்ளி வைத்தார். பிறகு இன்னொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

தோகுஜி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுவில் புகுந்தான். "குடுங்க இப்படி. அறுபது வருஷமா அரிசி பாக்கிறவன் நான்." உள்ளங்கையில் வாங்கி, நகத்தால் சுரண்டினான். கறுப்பு உதிர்ந்தது. "இது கறையில்ல. உமித் துணுக்கு ஒட்டியிருக்கு."

ஆய்வாளர் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, அதை நல்ல அரிசியோடு சேர்த்தார். முதல் தரம் என்று முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் சயோமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, சும்மா இருந்திருந்தா வயல் உங்க கையில."

"அரிசியைப் பொய்யா பாத்து ஜெயிக்கச் சொல்றியா?" என்றான். அன்று சாயங்காலம் அவள் மடைப்பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவன் கையை நீட்டவில்லை. "எனக்கு எதுக்கு அது? முழங்கால் வலிக்குது" என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது ஊர் முழுக்க வரப்பு வெட்டும் நாள் ஜூலை 20. போனுக்கு வருகிறவர்கள் எங்களைச் சோம்பேறி ஊர் என்று சொல்லிக்கொள்ளட்டும். சயோமிக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. குத்தகைக்குக் கொடுக்க நினைத்த நாலு வீட்டு வயலையும் அவள்தான் பார்க்கிறாள். நான் ஒரே நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுகிறேன். நடுக்கோடு அவள் போட்டது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

தோகுஜி மட்டும் அதற்கு அடுத்த வருஷம், 2000 ஆகஸ்டிலும், வெட்டாத வரப்பை முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் உயரப் புல்லின் நடுவே, கல்லறையிலிருந்து வீடு வரைக்கும் கழி நட்டு, பத்தடிக்கு ஒரு பச்சைக் கொசுவலைத் துண்டு கட்டினான்.

"எதுக்குடா இது?" என்றேன்.

"அவளுக்குத்தான். இது அவளோட கொசுவலை, பாத்ததும் தெரிஞ்சுக்குவா" என்றான். "எதுக்கும் குறட்டையும் சத்தமா விடறேன்."

2000 ஆகஸ்ட் 13. வரப்பு 57. வயல் 2.