அனுமதிக்குக் காத்திருந்த சர்வர்

“இந்தக் கட்டடத்துல என்னைக் கேக்காம எதுவும் தானா நடக்கக் கூடாது.”

மருத்துவமனை நிர்வாகி இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே, வாசலில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று சொல்பவர்போலச் சொன்னார். அவர் எதிரில், நான் அக்கா என்று கூப்பிடும் என் மேலதிகாரி நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் நான். நாற்காலிகள் காலியாக இருந்தன. எங்களை உட்காரச் சொல்லவில்லை. அந்த மூடி திருகு சரியாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததும், அவர் பொறுமையாகத் திரும்பத் திரும்பத் திருகியதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. ஒரு மனிதரின் சாவு அங்கேதான் தொடங்கியது என்று அப்போது எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது.

காரைக்காலில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்பது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குடும்பத்துப் பெண். அவருடைய அம்மா அப்போதும் மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போய் வந்துகொண்டிருந்தார். நான் வளைகுடாவில் வேலை முடிந்து ஊர் திரும்பியவன். எனக்கு மேலதிகாரியாக ஒரு பெண் இருப்பது என் உம்மாவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அக்காவை ஒரு பெருநாளைக்கு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, என்னைவிட அவரைத்தான் அதிகம் விசாரித்தார். “ஒங்க அக்கா சாப்ட்டுச்சா?” என்று கேட்பார், ஏதோ நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதுபோல.

நோயாளிகளின் விவரம் எல்லாம் ஒரே மையக் கணினியில், ஒரே சர்வரில், இருந்த காலத்தில், அது நின்றால் மருத்துவமனையே நின்றது. அக்கா பல மாதம் கேட்டுக் கேட்டு இரண்டாவது ஒன்றை வாங்க வைத்தார். இரண்டையும் இணைத்தார். முதல் சர்வரில் எழுதப்படுவதெல்லாம் அந்தக் கணமே இரண்டாவதிலும் எழுதப்படும். இரண்டும் ஒன்றையொன்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். முதலாவதிடமிருந்து பதில் வராவிட்டால், இரண்டாவது தானாக எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் தானே முதல் என்று எழுந்துவிட்டால் விவரங்கள் இரண்டாகப் பிளந்துபோகும் என்பதால், நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒரு சிறிய இயந்திரத்தையும் வைத்தார். எழும்போது எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசையை மட்டும் நாள் கணக்கில் யோசித்தார். தரவுத்தளம், பிறகு நோயாளியின் குறிப்பு, பிறகு மருந்தகம், ஆய்வகம். பில் போடுவது கடைசி. “சாகக் கெடக்குறவன்கிட்ட பில்லா கேக்கப்போறோம்?” என்றார்.

அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஒரு முறை, மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் வெளியூர் விருந்தினர்களோடு வந்திருந்த பகல் வேளையில், முதல் சர்வர் திடீரென்று மயங்கியது. இரண்டாவது எழுந்துகொண்டது. நோயாளிகள் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் விருந்தினர்கள் நின்றிருந்தது பில் கவுண்டரில். அங்கே திரை கொஞ்ச நேரம் வெறுமையாகிப் போய், மறுபடி கடவுச்சொல் கேட்டது. நிர்வாகியின் முகம் சிறுத்துவிட்டது. மறுநாள்தான் எங்களைக் கூப்பிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அக்கா விளக்கினார். நேற்று நடந்தது பழுதில்லை, பழுதிலிருந்து காப்பாற்றியது என்றார். நிர்வாகி கேட்டுக்கொண்டார். பிறகு, “மாறணும்னா மாறட்டும். ஆனா நான் சரின்னு சொன்னப்பறம் மாறட்டும். நான், இல்லன்னா நீங்க. ரெண்டு பேருக்கு மட்டும் அனுமதி போதும்,” என்றார்.

“சார், நாம ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல விழுந்துச்சுன்னா? இந்தத் தம்பிக்காவது அனுமதி குடுங்க.”

“அவர் வந்து எத்தனை நாளாச்சு? ரெண்டு பேர் போதுங்க.”

அக்கா இருக்கைக்குத் திரும்பி வந்து அந்த ஏற்பாட்டின் திரையைத் திறந்தார். “தானாக” என்றிருந்த இடத்தில் “அனுமதி பெற்று” என்று மாற்றினார். அதற்கு ஒரேயொரு சொடுக்குதான் தேவைப்பட்டது. மாற்றிவிட்டு, “இது தப்பு தம்பி,” என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை நிர்வாகியிடம் போய்ப் பேசினார். இரண்டு முறையும் நான் கூடப் போனேன். இரண்டாவது முறை நிர்வாகி சிரித்தார். “மீன் பிடிக்கிற ஊர்லேருந்து வந்துட்டு எப்பவும் புயல் வரும்னே பயந்துக்கிட்டு இருக்கீங்க,” என்றார். அக்காவின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன்.

புயல் வந்தது. பெரிய புயல்கூட இல்லை, பேர் வைத்து நினைவில் வைத்துக்கொள்ளும்படியானதில்லை. ஆனால் மழை விடாமல் பெய்ததில், கடலும் ஏறிவந்து, அக்கா வர வேண்டிய கோட்டுச்சேரிமேட்டுப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. கைபேசிக் கோபுரங்கள் செத்துப்போயின. நிர்வாகி குடும்பத்தோடு புதுச்சேரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். என் வீடு மருத்துவமனைக்கு நடக்கிற தூரம். விடிந்ததும் குடையும் இல்லாமல் ஓடினேன். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அப்படி ஒரு தடவை வந்தபோது முதல் சர்வருக்குள்ளிருந்து கருகிய வாடை வந்தது. அது செத்துவிட்டது.

இரண்டாவது சர்வர் உயிரோடு இருந்தது. எல்லா விவரமும் அதற்குள் இருந்தது. “முதன்மை சர்வர் பதில் தரவில்லை. பொறுப்பேற்க அனுமதி தேவை” என்று திரையில் கேட்டபடி நின்றது. என் பெயரைப் போட்டேன். உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்றது. மறுபடி போட்டேன். அதையே சொன்னது. நிர்வாகியின் எண்ணையும் அக்காவின் எண்ணையும் மாற்றி மாற்றி அழைத்தேன். ஒரு ஒலியும் இல்லை.

அந்தக் காலையில்தான் இன்னொரு மீனவக் குப்பமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒருவரை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பைபர் படகு வைத்திருந்தவர், நல்ல உடல்வாகு. முந்தின நாட்களில் கெளுத்தி மீனின் முள் காலில் ஏறி, சீழ் பிடித்து, கால் தூண்போல வீங்கியிருந்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். மனைவி பிள்ளைகளோடு புயல் பாதுகாப்பு மையத்தில் இருந்ததால், தூக்கி வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவருக்கு ஒரு குறிப்பிட்ட ஊசி ஒத்துக்கொள்ளாது. முன்பு ஒருமுறை எங்கள் மருத்துவமனையிலேயே அதைப் போட்டு, சாவின் விளிம்புவரை போய்வந்தவர். அது அவருடைய குறிப்பில், திறந்ததும் தெரியும்படி சிவப்பில் இருந்தது. ட்யூட்டி டாக்டர் இளம்பெண். ஆள் அனுப்பி என்னிடம் கேட்டபடியே இருந்தார்: “குறிப்பு வந்துச்சா?” கடைசியில் அவரே ஓடிவந்து, வாசலில் நின்று, “பிரஷர் எறங்குது, என்னால இனிமே காத்திருக்க முடியாது,” என்றார். கூட வந்தவர்களிடம் கேட்டார். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த ஊசியே போடப்பட்டது.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பிறகு யாருடைய வண்டியிலோ ஏறி, மதியத்துக்குச் சற்று முன் வந்து சேர்ந்தார். செருப்பில்லை. உடையெல்லாம் சேறு. ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து தன் பெயரைப் போட்டு அனுமதி கொடுத்தார். அவர் வகுத்த வரிசைப்படியே எல்லாம் எழுந்தன. நோயாளிக் குறிப்பு திறந்தபோது அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. அதற்குள் அவரை வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள்.

விசாரணைக்கு அறக்கட்டளையே ஒரு குழு போட்டது. அந்தக் குழு வருவதற்கு முன்பே நிர்வாகி வெளியூர் ஆள் ஒருவரை வரவழைத்து, புது சர்வரை வைத்து, எல்லாவற்றையும் பழையபடி “தானாக” என்று மாற்றிவிட்டார். குழுவினர் திரையைப் பார்த்தார்கள். தானாக என்றுதான் இருந்தது. “தானா மாறும்படிதான் வச்சிருக்காங்க. அப்பறம் ஏன் மாறல? சரியாப் பராமரிக்கல, அவ்வளவுதான்,” என்றார் நிர்வாகி. அக்கா உருவாக்கிய ஏற்பாட்டையே அக்காவுக்கு எதிராக நிறுத்தினார். நான் எழுந்து, எப்போது யார் மாற்றினார்கள் என்று சர்வரிலேயே பதிவாகியிருக்கும், திறந்து பாருங்கள் என்றேன். நிர்வாகி எங்கள் முன்னால் பேசியதையெல்லாம் சொன்னேன். குழுவின் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அதெல்லாம் எங்களுக்குப் புரியிற விஷயமில்ல தம்பி. உக்காருங்க,” என்றார். அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். என்னை பில் கவுண்டருக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் நானே விலகினேன்.

நிர்வாகி ஓய்வு பெற்றபோது விழா எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். தன் காலத்தில் கணினிகள் நின்றது ஒரே ஒரு நாள்தான், அதுவும் ஒரு பணியாளரின் கவனக்குறைவால் என்று மேடையில் பேசினாராம். கை தட்டினார்களாம். இப்போதும் கடற்கரைச் சாலையில் காலை நடையில் எதிரே வருவார். “நல்லா இருக்கீங்களா?” என்பார். என்னைப் பார்த்து அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடம் எனக்குத்தான்.

அக்காவை வேலையிலிருந்து நீக்கியதோடு அது முடியவில்லை. இறந்தவரின் வீட்டாரிடம் மருத்துவமனை என்ன சொல்லியிருந்தது என்பது மெல்லத்தான் தெரியவந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் வேலைக்கு வரவில்லை, கோட்டுச்சேரிமேட்டுப் பெண்தான், என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு குப்பத்துக்கும் நடுவே எத்தனையோ கொடுக்கல் வாங்கல், சம்பந்தங்கள். மீன் ஏலம் விடும் இடத்தில் அக்காவின் அம்மா பக்கத்தில் நிற்பதைப் பெண்கள் தவிர்த்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்த அம்மா கூடையோடு தனியாக நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

ஒரு நாள் அக்கா என்னை அழைத்தார். “கிளிஞ்சல்மேடு போறேன் தம்பி. கூட வர்றியா?”

இறந்தவரின் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி வாசலில் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் கத்தியை வைத்தார், எழவில்லை. அக்கா மண்ணிலேயே எதிரில் உட்கார்ந்தார். கணினிப் பேச்சு எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“அப்ப இன்னொரு மிஷினு உசுரோடதான் இருந்துச்சா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“இருந்துச்சுங்க.”

“அதுல எல்லாம் இருந்துச்சா? எங்க வூட்டுக்காரருக்கு அந்த ஊசி ஆவாதுன்னு?”

“இருந்துச்சு.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே பயப்படாதீங்கன்னு சொன்னாங்களே. நம்பித்தானே இருந்தோம். அப்பறம் ஏன் அது சும்மா நின்னுச்சு?”

“கேட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும்னு வச்சிருந்தாங்க.”

“யாரு வச்சது?”

நிர்வாகியின் பெயரை அக்கா சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

“அவர் சொன்னாரு. வேணாம்னு நான் சொன்னேன். ஆனா மாத்துனது என் கைதாங்க.”

ஈக்கள் மீன்மேல் உட்கார்ந்தன, அந்த அம்மா விரட்டவில்லை. பிறகு சொன்னார்: “அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. இங்க வந்து நின்னதும் இல்ல. நீதான் வந்திருக்க. ஒன்னத்தான் என்னால பேச முடியும்.”

பேசினார். அந்தத் தெருவே கேட்கும்படி, நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டினார். கையை மண்ணில் அடித்து அடித்துத் திட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். நான் குறுக்கே பேசப் போனபோது அக்கா என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கிக் குரல் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “வர்றேங்க,” என்றார்.

சாலைக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. “எதுக்கு வந்தீங்க அக்கா? நீங்க சொன்னத அவங்க நம்பவே இல்லையே.”

அக்கா நடந்துகொண்டே சொன்னார். “நம்பினாங்க தம்பி. நம்பினதாலதான் திட்டுனாங்க.”

கொஞ்ச நாளில் அக்கா தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அங்கும் இதே வேலைதான் பார்க்கிறார். நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன். கிளிஞ்சல்மேட்டு வழியாகப் போகிறபோது இறந்தவரின் மனைவி சில சமயம் வாசலில் இருப்பார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வாங்க என்று சொல்வதும் இல்லை.