வெள்ளை பூத்த திராட்சைப் பந்தல்

மதுரையில் காலை ரயிலேறியபோது சுள்ளென்று அடித்த வெயில், ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போது பாலில் நனைத்த துணிபோல் மங்கிவிட்டது. தை மாதம். போடி வரை ரயில் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. தேனியில் இறங்கி, ஐந்தணா கொடுத்து உத்தமபாளையம் பஸ்ஸில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். இருபுறமும் மலைகள் கூடவே வந்தன. நெல்வயல்களின் மேல் மேகம் ஒன்று இறங்கி, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.

"மலை நகருதா, பஸ் நகருதான்னே தெரியலையே" என்றேன்.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணும். அதான் ரோட்டை மட்டும் பாக்குறேன்" என்றார் டிரைவர்.

உத்தமபாளையத்திலிருந்து மாட்டுவண்டியில் ராயப்பன்பட்டி. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் இருந்த லூர்து அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் கணவர் சவரிமுத்துவும் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. இருட்டுமுன் தோட்டத்தைக் காட்டிவிட வேண்டுமென்று இருவரும் என்னைக் கூட்டிப்போனார்கள்.

கிளைகளைக் கழித்துக் கவாத்து முடிந்து கொடிகள் துளிர்விட்டிருந்தன. கல்கால்களின் மேல் படர்ந்த பந்தலில் ஒரு பாதி முழுக்க வெண்மை. நிலவு அங்கே மட்டும் முன்னதாகவே வந்து இறங்கியதுபோல ஒவ்வொரு துளிரும் மினுங்கியது. மெய்மறந்து கை நீட்டினேன். லூர்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதடி. வண்டுக்கு மருந்து அடிச்சிருக்காக."

சவரிமுத்து சிரித்தார். "வண்டு மொட்டைத் தின்னுருச்சுன்னா இந்தப் போகமே இல்ல தங்கச்சி. மலை எஸ்டேட்டுல அடிக்கிற தூளு. ஒரு குடத்துக்கு ஒரு கை போடுன்னாக. நான் ரெண்டு கை போட்டேன். மிச்சப் பாதிக்கு நாளைக்கு அடிக்கணும்."

பெயர்ச்சீட்டு எதுவுமில்லாத தகரடப்பா ஒன்று கிணற்றடிக் கொட்டகையில் இருந்தது. கடைக்காரர் அள்ளிப் போட்டுக் கொடுத்தது. சவரிமுத்துவின் விரலிடுக்குகள் சிவந்து தோலுரிந்திருந்தன. அந்த விரல்களாலேயே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, தெருவே பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. லூர்து பால் கறந்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பசுவின் கால்கள் நடுங்கத் தொடங்கின. வாயிலிருந்து நீர் வழிய, மெல்ல மடங்கிப் படுத்தது. லூர்து தொட்டியைப் பார்த்தாள். முந்தின நாள் பந்தலடியில் அறுத்துப் போட்ட புல். தாள்களில் வெள்ளைப் பொட்டுகள். அவள் பால் செம்பை எடுத்துப்போய்க் குழிதோண்டிக் கவிழ்த்தாள்.

வீட்டின் பின்னால் சவரிமுத்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மருந்து அடிச்சதுலருந்து வயிறு சரியில்ல. சோறு ஒத்துக்கலன்னு நெனச்சேன்."

வண்டி பூட்டி உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலையை லூர்து மடியில் வைத்திருந்தாள். டாக்டர் வயிற்றைக் கழுவினார். லூர்து சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது பாஷாணம் அம்மா. தண்ணீரில் கலந்துவிட்டால் மட்டும் மருந்தாகிவிடாது" என்றார். பிழைத்துக்கொள்வார் என்று அவர் சொல்லும்வரை அவள் உட்காரவில்லை.

மாலையில் சவரிமுத்து கண் திறந்தார். முதலில் கேட்டது தோட்டத்தைத்தான்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டு மிச்சத்தையும் அடிச்சிரு லூர்து. விட்டா மொட்டு நிக்காது."

"எந்த ஆளை? யாரு வீட்டு ஆம்பளையை?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தம்பியைத் துணைக்கு இருத்திவிட்டு நாங்கள் திரும்பியபோது பசு செத்திருந்தது. லூர்து தோட்டத்துக்குப் போய் மருந்து படாத பாதியில் நின்றாள். கோபத்திலோ அழுகையிலோ ஒரு கொடியைப் பிடித்து உலுக்கினாள். பொலபொலவென்று ஏதோ அவள் முந்தானையில் உதிர்ந்தது. குனிந்து பார்த்தோம். செம்புநிற வண்டுகள், காலை மடக்கிச் செத்ததுபோல் கிடந்தன. சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாக ஊரத் தொடங்கின.

"அசைஞ்சா விழுந்துருது" என்றாள் மெதுவாக. "பனியில இன்னும் மந்தமாத்தான இருக்கும்?"

விடியலில் நாத்தனாரும் அடுத்த தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். கொடியடியில் வேட்டிகளை விரித்து நாலு முனையையும் பிடித்துக்கொண்டோம். லூர்து உலுக்கிக்கொண்டே முன்னால் போனாள். பனிக்குள் ஆட்கள் தெரியவில்லை. வெள்ளைத் துணிகள் மட்டும் பந்தலடியில் படகுபோல் நகர்ந்தன. அவற்றின் மேல் வண்டுகள் சிறு தூறலாக விழும் ஓசை. விழுந்ததையெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீர்ச் சட்டியில் கொட்டினோம். வெயில் ஏறியதும் வண்டுகள் பறக்கத் தொடங்க, நிறுத்தினோம். பிறகு வண்டு ஒளிகிற பழைய பட்டைகளை உரித்து எரித்தோம். மருந்து பட்ட புல்லையும் தகரடப்பாவையும் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத கரட்டு மேட்டில் ஆழமாகப் புதைத்தாள் லூர்து.

நான் இருந்த வரை தினமும் அதே வேலை. சில கொடிகள் மொட்டையாகிப் போயின. பெரும்பாலானவை தப்பின. சவரிமுத்து வீடு திரும்பினார். விரல்நுனிகளில் உணர்ச்சி வரவில்லை என்றார். ஒரு காலையில் அவரே வந்து வேட்டியின் முனையைப் பிடித்தார். அது இரண்டு முறை கை நழுவியது. லூர்து கவனிக்காததுபோல் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மதுரைச் சந்தையில் காய் வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் தவிர எதையும் நான் கேட்டதில்லை. எந்தக் காய்க்குப் பின்னால் யார் கை மரத்துப்போனது என்று அங்கே யார் சொல்வார்கள்? பக்கத்தில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"தேனிக்கு மருந்து வாங்கப் போறேன் ஆத்தா. கத்தரியில ஒரே வண்டு. எஸ்டேட் தூளு ஒண்ணு வந்திருக்காம்ல?"

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பசு செத்ததைச் சொன்னபோது தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.  தேனியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் படியில் நின்று கேட்டார்:

"கத்தரிச் செடி குட்டையாச்சே. அடியில வேட்டி விரிக்கத் தோதுப்படுமா?"

"முறத்தைப் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் கடைத்தெருப் பக்கம் போகவில்லை. எதிரே அவர் ஊர்ப்பக்கம் போக நின்ற கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.