மெதுவாகச் செய்து காட்டிய வேலை

உன் வேலையைச் சுலபமாக்கித் தருகிறேன் என்று வலிய வருகிறவரை நான் நம்புவதில்லை. வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் அலுவலகத்துக்கு வருமுன் சில வருடங்கள் உற்பத்தி லைனில் நின்றவள் நான். அங்கே அவ்வப்போது ஒருவர் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் வந்து நிற்பார். "நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க, நான் சும்மா பாக்குறேன்" என்பார். விவரம் தெரியாத பெண் தன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டுவாள். அடுத்த மாதம் அந்த வேகமே எல்லோருக்கும் அளவாகும். மூன்று பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். அதனால் வாட்ச்சைக் கண்டால் எங்கள் கை தானாக நிதானப்பட்டுவிடும்.

ஆகவே மேனேஜர் ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்துவந்து, "சார் நாலு டிப்ஸ் சொல்வாரு, வேலை சீக்கிரம் முடியும்" என்றபோது நான் முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன்.

டிஸ்பாட்ச் அறையில் நானும் மண்ணூர்க்கார அக்கா ஒருவரும்தான். எங்களிடம் பாகம் வாங்கும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் தனி வெப்சைட். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து, யாருக்கு எத்தனை வேண்டும் என்று பார்த்து, எங்கள் எக்செல் ஷீட்டில் ஏற்றுவோம். என் திரையின் மேலே டேப்கள் ஷேர் ஆட்டோவில் ஆட்கள் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கும்.

வந்தவர் பொறுமைசாலி. வேண்டாத டேப்பை மூடுங்கள் என்றார். தினம் திறப்பதையெல்லாம் ஒரே ஃபோல்டரில் புக்மார்க் செய்தால் ஒரு கிளிக்கில் மொத்தமும் திறக்கும். பக்கம் முழுக்கக் கண்ணால் தேடாமல் கன்ட்ரோல் எஃப் அழுத்துங்கள். மெயிலை நிமிஷத்துக்கொரு தரம் பார்க்காதீர்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள். அதுதான் உறுத்தியது. இத்தனை நல்லவருக்கு எங்கள் அறையில் என்ன வேலை?

கிளம்பும்போது, "அடுத்த வாரம் மேனேஜர் சார் முன்னாடி ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க. எவ்ளோ டைம் மிச்சமாகுதுன்னு பாக்கலாம்" என்றார். ஸ்டாப்வாட்ச் வெளியே வந்துவிட்டது.

கேன்டீனில் அக்காவிடம் சொன்னேன். "மிச்சமாவுற டைம் நமக்கில்லக்கா. ஒருத்தி போதும்னு இன்னொருத்திய லைனுக்கு அனுப்பிடுவாங்க."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"பழைய மாதிரியே பண்ணிக் காட்டுவோம். ரெண்டு பேரும்."

அக்கா தலையாட்டினார். முட்டி வலிக்காகக் கெஞ்சி வாங்கிய நாற்காலி அவருடையது. எனக்கோ பகல் நேர ஜெனரல் ஷிஃப்ட் கைவிட்டுப் போனால் சாயங்காலம் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பேசி முடித்தும் அந்த வாரம் முழுக்க அவர் திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கன்ட்ரோல் எஃப் அழுத்தும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. அவர் பார்வையும் என் பக்கம்தான் இருந்தது.

அந்த நாள் வந்தது. இருவரும் வெப்சைட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம், மேலிருந்து கீழே உருட்டி உருட்டித் தேடினோம். அக்கா வார்த்தை தவறவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"இவ்ளோ சொல்லிக் குடுத்துமா?" என்றார் மேனேஜர்.

"இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும் சார், நல்லா பண்ணுவாங்க" என்று பயிற்சியாளர் எங்களுக்காகப் பேசினார். நான் சந்தேகப்பட்ட மனிதர் அவர். மேனேஜர் காதில் வாங்கவில்லை. "இது ஆளுங்க பண்ற வேலையே இல்ல" என்று எழுந்து போனார்.

லைனில் மெதுவாகச் செய்தால் ஆளைக் குறைக்க மாட்டார்கள். அலுவலகத்தில் மெதுவாகச் செய்தால் சாஃப்ட்வேர் வாங்கிவிடுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெப்சைட்டுகளிலிருந்து தானே எடுத்து ஷீட்டை நிரப்பும் ஒன்று வந்தது. என்னை லைனுக்கு அனுப்பினார்கள், அக்காவை நின்றபடி செய்யும் பேக்கிங்குக்கு.

அலுவலக வேலையின் கடைசி நாள் கம்பெனி பஸ்ஸில் அக்கா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார். "வேகமா பண்ணிக் காட்டியிருந்தா ஒருத்தியாச்சும் அங்க உக்காந்துகினு இருப்போம்ல?"

"யாருக்கா அந்த ஒருத்தி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. இருவரில் நான்தான் வேகம் என்று எனக்குத் தெரியும். அவரும் தன்னைப் பற்றி அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.