வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

அமெரிக்காவில், சுகர் லேண்ட் ஊரில் இருந்த எங்கள் வீட்டில் என் தம்பி கௌதம் அழுதாலே பெருங்காய வாசனை கிளம்பிவிடும். அம்மா அதை வெந்நீரில் குழைத்து அவன் தொப்புளைச் சுற்றித் தடவுவாள், ஏனென்றால் அவனுக்கு வயிற்று வலி என்று நான் சொல்லியிருப்பேன். அவனுக்கு அப்போது மூன்றரை வயது, எனக்கு ஏழு. யார் எதைக் கேட்டாலும் கேள்வியின் வாலையே திருப்பிச் சொல்வான், "பாலா, ஜூஸா?" என்றால் "ஜூஸா" என்பான், வேண்டியது பாலாக இருக்கும். அதனால் அவனுக்கு வந்த கேள்விகளுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். வீட்டில் என்னை "வக்கீலம்மா" என்றார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாரம் ஒருமுறை அவனுக்குப் பேச்சுப் பயிற்சி தர வந்த ஆசிரியை, கேள்வியை ஒரே தடவை கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். அந்த 'வேறு யாரும்' நான்தான். அம்மா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அவனிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் என் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கை என் வாயில் ஊற்றி, "முழுங்கினா டிவி கிடையாது" என்றாள். அதற்கு "வாய்ப்பூட்டு" என்று பெயர். சில வாரங்களில், பாலையும் ஜூஸையும் நீட்டினால் வேண்டியதைத் தொட்டுக் காட்டுமளவுக்கு வந்துவிட்டான்.

ஒரு நாள் காய்ச்சலோடு ஓயாமல் அழுதவனை டாக்டரிடம் தூக்கிப்போனோம். அம்மா முதலில் என் பாட்டிலை நீட்டினாள், ஒரு மடக்கை வாயில் அடக்கிக்கொண்டேன்.

"கௌதம், எங்கடா வலிக்குது?"

"வலிக்குது," என்றான்.

டாக்டர் பேச வாயெடுக்க, அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். வயிறு என்று கத்தத் துடித்தேன், கன்னம் இரண்டும் வலித்தன. அம்மாவின் ஒன்பதாவது விரல் மடங்கும்போது அவன் காதைப் பொத்திக்கொண்டு, "காது. உள்ள. ஹர்ட்ஸ்" என்றான்.

காதில் சீழ் பிடித்திருந்தது. வயிற்று வலி நான் ஸ்கூலுக்கு மட்டம் போடச் சொல்வது; அதையே இத்தனை நாள் அவனுக்கும் மாட்டிவிட்டிருந்தேன். வாய்த்தண்ணீர் சட்டையெல்லாம் வழிய அழுதேன். அம்மா திட்டவில்லை. "அப்பாடா, சொல்லிட்டான்டி," என்று எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அந்த நிம்மதி இன்றும் எனக்கு உடம்பில் தெரிகிறது.

அந்தத் தண்ணீர் பாட்டில் வீடு மாறியபோது தொலைந்தது, கேள்வியைத் திருப்பிச் சொல்லும் தம்பியும் எப்போதோ காணாமல் போனான். இப்போது அவன் தன் ஊரான ஃபிரிஸ்கோவிலிருந்து போன் செய்தால் பேச்சை நிறுத்துவதுதான் பெரும்பாடு. போன வாரம் என் குரலைக் கேட்டதும், "என்னக்கா ஆச்சு?" என்றான். எனக்குச் சொல்ல வரவில்லை. மற்றவர்களாக இருந்தால் வேலையா, உடம்பா என்று அடுக்கியிருப்பார்கள். அவன் ஒன்றும் பேசாமல் காத்திருந்தான், பத்துக்கும் மேலேயே எண்ணியிருப்பான்.

பிறகு நான் சொன்னேன்.