மச்சான் பிடித்த கயிறு

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். அட்டைப்படம் என் திருமணத்தன்று எடுத்தது. அப்பாவுக்குச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுப் பழக்கமில்லை. படம் பிடித்தவர் விடாமல் வற்புறுத்தியதால் போட்டார்கள். அந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருக்கிறது. மூத்த மகள் என்பதால் அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நல்லதை மட்டும் எழுது என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். அப்படி எழுதினால் அது யாரோ ஒருவருடைய வாழ்க்கையாகத்தான் இருக்கும்.

அப்பா பிறந்தது ஆலந்தலையில். தாயையும் தகப்பனையும் சிறுவயதிலேயே பறிகொடுத்தார்கள். மீசை முளைக்கும் வயதில், சங்கு குளிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாற்றுச் சட்டை கூட இல்லாமல் தூத்துக்குடிக்கு வந்தார்கள். நன்றாக மூழ்குவார்கள். ஆனால் ஊரில் அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை. கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் படுக்கை, மாதா கோவில் பக்கத்துக் கடையில் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் கடைக்கார அண்ணாச்சி கொடுக்கும் கஞ்சிதான் மருந்து.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். சங்கு குளிப்பவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கல்லில் கால் வைத்து, கடலடியில் சங்கு எடுக்க இறங்குவார். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். பிடித்திருப்பவர் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் கவனம் பிசகினாலும் போயிற்று. அதனால் எங்கள் மக்கள் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அவன் கயிற்றை விட்டால் தாலியறுப்பது அவன் தங்கச்சி. பெண்டாட்டி இல்லாதவனுக்கு மச்சான் இல்லை, மச்சான் இல்லாதவனுக்குக் கூலிக்குப் பிடிக்கும் கைதான். அப்பா பல ஆண்டுகள் அப்படிக் கூலிக் கையை நம்பித்தான் இறங்கினார்கள்.

அம்மாவைக் கட்டிய பிறகு, அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா கயிற்றைக் கையில் வாங்கினார்கள். அன்றுதான் தூத்துக்குடி தனக்குச் சொந்த ஊரானது என்று அப்பா சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மில் சங்கு ஊதாவிட்டால் பொழுது விடிந்த மாதிரி இல்லை என்பார் ஒருவர். உப்புக்காற்று முகத்தில் அடித்தால்தான் பசிக்கிறது என்பார் இன்னொருவர். முந்திரி மக்ரூன் என்பவர்களும் உண்டு. தேர்த் திருவிழா என்பவர்களும் உண்டு. அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "மச்சான்."

அப்படி இருந்த இரண்டு பேருக்கும் இடையில் பகை வந்ததற்குக் காரணம் நான். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கோடையில் மாமா தம் மூத்த மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கேட்டு வந்தார்கள் என்பது கூடச் சரியில்லை. உரிமைப் பெண்ணை யார் கேட்பார்கள்? நாள் குறிக்கத்தான் வந்தார்கள். அப்பா என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்புவதாக முடிவு செய்திருந்தார்கள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அப்பா தரையைப் பார்த்தபடி, "பிள்ள படிக்கட்டும் மச்சான்" என்றார்கள்.

மாமா எழுந்துவிட்டார்கள். "என் கையில உசுரக் குடுக்கத் தெரியுது. எம் மகன் கையில பிள்ளயக் குடுக்கத் தெரியலயோ? இன்னையோட உமக்கும் எனக்கும் பேச்சு இல்லவே" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து கடல் தெளிந்ததும் சங்கு குளிப்பு தொடங்கியது. மாமா வள்ளத்துக்கு வரமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தார்கள். அப்பா கயிற்றை நீட்டினார்கள், மாமா வாங்கிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் அப்படித்தான். பேச்சில்லாத ஒருவர் கையில் தம் உயிரைக் கட்டிக்கொடுத்துவிட்டு அப்பா தினமும் கடலுக்குள் இறங்கினார்கள்.

இதை ஊர் சும்மா பார்த்துக்கொண்டு இருக்குமா? இருக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நான் சொல்லப்போவது பிடிக்காது. பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அடுத்த பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாயடியில் அம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி மட்டும் அருகில் வந்து, "ஏளா, ஒங்க அண்ணன் முகம் சரியில்ல. கயித்த வேற ஆளுகிட்டக் குடுக்கச் சொல்லு" என்று காதில் ஓதுவாள். பூசை முடிந்து வரும்போது இன்னொருவர் அப்பாவை நிறுத்தி, "கோவக்காரன் கை எப்பவும் ஒண்ணுபோல இருக்காது, பாத்துக்கிடும்" என்பார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் அப்பா காதில் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் கடலும் பழைய கடலாக இல்லை. புதுத் துறைமுகத்துக்காக லாரி லாரியாகப் பாறாங்கல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படம் சாய்ந்துகொண்டே இருக்கும். அம்மா நேராக்குவார்கள், அடுத்த லாரி வரும். தண்ணீர் கலங்குகிறது, நீரோட்டம் திசை மாறிப் போகிறது என்று குளிப்பவர்கள் சொன்னார்கள். கல் கொட்டியதால்தானா என்று எனக்குத் தெரியாது. வழக்கமான இடங்களை விட்டு, பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளில் ஆழமானவற்றுக்கு வள்ளங்கள் போகத் தொடங்கியது மட்டும் தெரியும். அம்மா சோறு வடிப்பதை என்னிடம் விட்டுவிட்டுக் கரையில் போய் நிற்பார்கள். வள்ளம் கண்ணுக்குத் தெரிந்ததும், அதில் எத்தனை தலைகள் என்று பார்த்துவிட்டு, என்னவோ உப்பு வாங்கப் போனவர்களைப் போலத் திரும்பி வருவார்கள். அண்ணனா புருஷனா என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வியோடுதான் அம்மா நின்றார்கள். நான் பயந்தேன். பயிற்சிக்குப் போவதற்காகத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று நடந்ததை வள்ளத்தின் தண்டல் எங்களுக்குச் சொன்னார். வள்ளத்தை நடத்துகிறவர் அவர்தான், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்.

அப்பா ஆழமான பாரில் இறங்கியிருக்கிறார்கள். கீழிருந்து இழுப்பு வந்ததும் மாமா தூக்கினார்கள். கயிறு வரவில்லை. பாறை இடுக்கில் எங்கோ சிக்கியிருந்தது. மேலும் இழுத்தால் பாறை விளிம்பில் உரசி அறுந்துவிடும். மாமா செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கயிற்றைத் தளர்த்தினார்கள். தளர்த்திக்கொண்டே, "வள்ளத்தத் திருப்பு, வாடைப் பக்கம் திருப்பு" என்று கத்தினார்கள். மறுபக்கம் போனதும் சிக்கு விட்டது. அப்புறம் மாமா இழுத்த இழுப்பில் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து, கயிறு சிவப்பாகித்தான் வள்ளத்துக்குள் வந்ததாம்.

அப்பாவுக்கு ஒரு காதிலிருந்து இரத்தம். முகம் கறுத்திருந்தது. மாமாதான் மடியில் கிடத்தி நெஞ்சைத் தேய்த்தார்கள். "மாப்ள, மாப்ள" என்று அத்தனை மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டார்கள். பகை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அப்பா கண்ணைத் திறந்தார்கள். மாமாவைப் பார்த்து,

"விட்டுட்டீரே மச்சான்" என்றார்கள்.

வள்ளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. கீழே இருந்தவருக்குக் கயிறு தளர்ந்தது மட்டும்தான் தெரியும். சிக்கிய கயிற்றைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்பது அப்பா அறியாததல்ல. சாதாரண நாளாக இருந்தால் காத்திருந்திருப்பார்கள். ஆனால் அன்று அப்பா தனியாக இறங்கவில்லை. குழாயடியில் பேசியதும், கோவில் வாசலில் பேசியதும் சேர்ந்தே இறங்கியிருந்தன. மாமா அப்பாவின் தலையை மெதுவாகப் பலகையில் வைத்துவிட்டு, வள்ளத்தின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கரை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அப்பாவால் மூழ்க முடியவில்லை. மாமாவும் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கவில்லை. அப்பா பழைய துறைமுகத்தின் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலைக்குப் போனார்கள். உடம்பு தேறியதும் முதல் காரியமாக மாமா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். உள்ளேயிருந்து மாமாவின் குரலே கேட்டது: "நான் வீட்டுல இல்லன்னு சொல்லுங்க." அப்பா திரும்பி வந்து அதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

ஆலந்தலைக்கே போய்விடலாம், இந்த ஊரில் இனி நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அப்பா ஒருநாள் பேச்செடுத்தார்கள். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "போனீங்கன்னா அன்னைக்கு வள்ளத்துல நீங்க சொன்னது நெசம்னு ஆயிரும்" என்றார்கள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே கோவிலில், ஆளுக்கொரு பக்கம் இருந்து பூசை கண்டார்கள். பண்டிகைக்கு மாமா வீட்டிலிருந்து அம்மாவுக்குச் சேலை வரும், நல்ல மீன் கிடைத்தால் மீன் வரும், மாமா வரமாட்டார்கள். நான் பயிற்சி முடித்து ஆசிரியையானேன். மாமாவின் மகனும் வேறு இடத்தில் பெண் எடுத்துப் பம்பாய்க்குப் போய்விட்டார். சண்டைக்குக் காரணமான நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றியது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். ஒரு பிற்பகல், கஞ்சி வேண்டாம் என்று கையால் விலக்கிவிட்டு, "அவரு விடலளா. நான்தான் விட்டேன்" என்றார்கள். யாரை, எதை என்று நான் கேட்கவில்லை. நேரே மாமா வீட்டுக்கு நடந்தேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அத அவரு வந்து சொல்லட்டும்" என்றார்கள்.

"அப்பாவால எந்திரிக்க முடியாது மாமா."

"அப்ப நான் வாரேன். காலைல பூசை முடிச்சிட்டு வாரேன்னு சொல்லு."

இப்போதே வாருங்கள் மாமா என்று நான் கெஞ்சினேன். இத்தனை வருட வைராக்கியத்துக்கு ஓர் இரவு தேவைப்பட்டது போலும். அப்பாவிடம் வந்து சொன்னதும், முகச்சவரம் செய்ய ஆள் கூப்பிடச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை கேட்டார்கள். அந்தக் கழுத்துப் பொத்தானைக் கூடப் போடச் சொன்னார்கள். அம்மா கேலி செய்தார்கள். எங்கள் வீட்டில் அன்று மாலை ஏதோ விசேஷம் போல இருந்தது.

விடியும் முன்னே அப்பாவின் மூச்சு நின்றது. கோவிலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய், மாமா பூசை முடியும் முன்பே வந்தார்கள். வழிவிட்ட கூட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "என்னளா சொன்னாரு?" என்று அம்மாவைக் கேட்டார்கள். "நீ வாரன்னு சவரம் பண்ணிக்கிட்டாவ அண்ணா" என்றார்கள் அம்மா. மாமா அந்தத் தழும்பேறிய உள்ளங்கையை அப்பாவின் கன்னத்தில் வைத்து அப்படியே இருந்தார்கள். அடக்கத்துக்கு எடுக்கும் நேரம் வரை கையை எடுக்கவில்லை.

நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், கடைசி நேரத்தில் அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சுவாமிக்கும், கிட்டங்கித் தோழர்களுக்கும், பந்தலிலும் பாத்திரத்திலும் உதவிய தெருவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அறிவுரை சொன்னவர்களும் அடக்கத்தன்று வெயிலில் கல்லறை வரை நடந்து வந்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

மாமா இன்று திருப்பலி முடிந்ததும் பம்பாய்க்கு, மகனிடம் போகிறார்கள். பிறந்தது முதல் இந்தத் தெருவை விட்டு நகராதவர்கள். தடுத்துப் பார்த்தேன்.

"ஏன் மாமா, ஒங்க ஊருல்லா இது?"

"அவரோட பேசாம இருக்கதுக்குத்தாம்ளா இத்தன வருசம் இங்கன இருந்தேன்" என்றார்கள் மாமா. "இனி இங்கன யாரோட பேசாம இருக்க?"

இப்படிக்கு,
மூத்த மகள்