மூன்றாம் மாடிப் படியில் முப்பது சோடி

போன கிழமை, சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் இருக்கும் எங்கள் வீட்டு நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம். படிக்கட்டில் செருப்பு, சப்பாத்து வைக்கக் கூடாதாம். இந்த நாட்டில் திட்டுவதைக்கூட வணக்கம் சொல்லித்தான் தொடங்குவார்கள். எங்கள் வாசலில் கிடந்தது மொத்தமே நாலு சோடி. எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது சோடி கிடந்த படியைத் தாண்டி ஏறியவள் நான்.

அது பல வருடங்களுக்கு முன், சூரிச்சில், லாங்ஸ்திராச என்ற தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய அச்சகக் கட்டடம். ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே வீடு என்று மாற்றிக் கட்ட ஒரு பழைய கட்டடம் தேடினோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஒரு பழைய பால் கூடம். நல்ல சுவர்தான், ஆனால் உள்ளே போனால் பாசி மணம். மற்றது இந்த அச்சகம். அச்சடிப்பு நின்று எத்தனையோ வருடமாகியும் மை மணம் போகவில்லை. இன்றைக்கும் பிரிண்டருக்கு மை மாற்றும்போது அந்தப் படி ஞாபகம் வந்துவிடும்.

முதலாளி ரேத்தோவும் நானும் முதலில் போனது ஒரு புதன்கிழமை பின்னேரம். இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத பின்னேரம். மூன்றாம் மாடிப் படியெல்லாம் சப்பாத்து, ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளே நேசன் அண்ணையின் மிருதங்க வகுப்பு. மற்ற நாள்களில் அவர் ஒரு உணவகத்தில் சமையல்காரர்.

“இந்தக் கட்டடத்துக்கு உயிர் இருக்கிறது. இதையே எடுப்போம். வகுப்பும் இங்கேயே இருக்கட்டும்” என்றார் ரேத்தோ. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் முடிவாகும் முன் ஆசை காட்டக் கூடாது என்று அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. என் கெட்டித்தனம்!

பணம் போடுகிறவர்கள் அடுத்த புதன் பார்க்க வருவதாக இருந்தது. நான்தான் அவருக்குப் போன் எடுத்தேன்.

“வெள்ளையள் ஏன் பிள்ளை வருகினம்?”

“கட்டடம் பாக்க, அண்ணை. கொஞ்சம் ஒழுங்கா வச்சிருங்கோ.”

“நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஒழுங்கு என்று நான் நினைத்தது சப்பாத்துகளை வரிசையாக வைப்பதை. அவர் அகதி முகாமில் இருந்து வந்தவர். ஆராவது பார்க்க வருகிறார்கள் என்றால், ஆரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்கு அர்த்தம்.

புதன்கிழமை படியில் ஒரு சப்பாத்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது. அறையில் மிருதங்கம் இல்லை, பாய் இல்லை, பிள்ளைகள் இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு அண்ணை மட்டும் நின்றார்.

“பாத்தீரோ, ஒரு தூசி இல்லை” என்றார் என் காதுக்குள்.

இங்கே வகுப்பு நடக்கிறது என்று நான் அவசரமாகச் சொன்னேன். வந்தவர்களில் ஒரு பெண் அவரிடமே கேட்டார், இந்த அறையை நிறையப் பாவிக்கிறீர்களா என்று. அண்ணை தனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் பணிவாகச் சொன்னார்: “கொஞ்சம், கொஞ்சம். சத்தம் இல்லை.”

“அப்படியென்றால் லேர்” என்றார் அந்தப் பெண். லேர் என்றால் காலி, ஆள் பாவிக்காத இடம். ரேத்தோ மறுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. வரைபடத்தில் அந்த அறைக்கு நடுவில் ‘லேர்’ என்று எழுதிய கை என்னுடையது.

கட்டடம் தேர்வானது. மூன்றாம் மாடி வீடானது. வகுப்பு ஒரு நிலக்கீழ் அறைக்குப் போய், பிள்ளைகள் குறைந்து, ஒரு நாள் நின்றுபோனது. அண்ணை என்னைக் கோபித்ததே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கலியாண வீடுகளில் கண்டால் இன்றைக்கும் பெருமையாகக் கேட்பார்: “அண்டைக்கு எப்பிடித் துப்புரவா வச்சிருந்தனான், என்ன?”

“ஓம் அண்ணை” என்பேன்.

கடிதம் வந்த மறுநாள் அந்தப் பழைய அச்சகத்துக்குப் போய் ஏறிப் பார்த்தேன். கீழே கோப்பிக் கடை. மை மணம் இல்லை. மூன்றாம் மாடிப் படியில் ஒரு சப்பாத்துக்கூட இல்லை. நான் சொன்னபடியே எல்லாம் ஒழுங்காக இருந்தது.